கோடிக்கரைக் குடிசையும் ஊற்றுநீரும்

தமிழ்நாட்டின் படத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய நேராக இறங்கி வரும் கடற்கரை, நாகப்பட்டினத்தையும் வேதாரணியத்தையும் கடந்ததும் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தின் முனையில் இருப்பதுதான் கோடிக்கரை. கோடி என்றால் முனை, கடைசி என்று பொருள். கிழக்கே வங்காள விரிகுடா; தெற்கே பாக்கு நீரிணை; இரண்டுக்கும் நடுவே ஒரு காடு. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்கள் பூங்குழலியோடு இந்தக் காட்டைச் சுற்றி வந்திருப்பார்கள். நானும் பள்ளிப் பருவத்தில் அப்படிச் சுற்றியவன்தான். ஆயின், அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள ஒரு குடிசையில் பத்து நாள் தங்கவும், ஒரு பெரும் பிழை செய்யவும் நேர்ந்தது.

2017-ஆம் ஆண்டு தைப் பொங்கல் கழிந்த மறுவாரம் அங்கே போனேன். நோக்கம் பறவைகளைப் பார்ப்பது. வடக்கே குளிர் கடுமையாக இருக்கும் காலத்தில் ஆயிரமாயிரம் பறவைகள் இந்த முனையை நாடி வருகின்றன. காடு 1967-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், அதற்குள் நினைத்தபடி கூடாரம் அடித்துத் தங்க முடியாது. ஆகவே புகலிடத்தின் எல்லைக்கு வெளியே, ஊரின் கடைசித் தெருவையும் தாண்டி, மணல்மேட்டின் பின்புறம் ஒரு மீனவப் பெரியவருக்குச் சொந்தமாக இருந்த குடிசையை நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

குடிசை என்றேன், அதைவிடப் பெரிய சொல் எதுவும் அதற்குப் பொருந்தாது. நான்கு மூலைக்கு நான்கு சவுக்குக் கழி. கூரைக்குத் தென்னங்கீற்று. மூன்று பக்கம் பனையோலைத் தட்டி. நான்காவது பக்கம் ஒரு பழைய பாய். தரை வெறும் மணல். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கோடிக்கரையில் மீன்பிடி பருவம். வெளியூர்களிலிருந்து வரும் மீனவர்கள் கரையோரத்தில் இத்தகைய வாடிகளைக் கட்டிக்கொண்டு தங்குவார்கள். பருவம் முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு போவார்கள். என் குடிசையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. மின்விளக்கு இல்லை. ஓர் அரிக்கேன் விளக்கு இருந்தது. அதை அணைத்துவிட்டால், கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சற்றைக்கொருமுறை கூரையின் இடுக்குகளைத் தடவிக்கொண்டு போகும். காற்று ஓயாது. முதல் இரவு அந்தக் கீற்றுகள் எழுப்பிய ஓசையில் எனக்குத் தூக்கமே வரவில்லை. மூன்றாம் இரவு அந்த ஓசை சற்று நின்றபோதுதான் விழித்துக்கொண்டேன்!

விடியற்காலையில் காட்டின் ஓரமாக நடப்பேன். மலைக்காடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது காடாகவே தோன்றாது. மரங்கள் உயரமானவை அல்ல. கடற்காற்று வந்து வந்து அழுத்தியதால் பல மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கத்தரித்துவிட்டாற்போல் நிற்கின்றன. ஆனால் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும். மற்ற மாதங்களில் வறட்சி. அப்படியிருந்தும் இலை உதிராமல் நிற்கும் இவ்வகைக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர நூலார் வகைப்படுத்துகிறார்கள். இங்கே தலைமை மரம் பாலை. அதன் இலையை ஒடித்துப் பார்த்தால் தடித்துத் தோல்போல் இருக்கும். மெழுகு பூசியதுபோல் மின்னும். உள்ளே இருக்கும் ஈரத்தைக் காற்று கொண்டுபோகாதபடி மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. கோடையில் காய்க்கும் அதன் சிறிய மஞ்சள் பழம் இனிப்பானது. உண்டவர் உதட்டில் பால் பிசின் ஒட்டிக்கொள்ளும். பாலையோடு உகாய், காரை, சூரை, நாவல் முதலியனவும் உண்டு. கடலை நோக்கி வர வர மரம் குறைந்து, தாழையும், மணலைப் பற்றிப் படரும் அடம்பும், முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையும் வந்துவிடுகின்றன. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோது கண்ட அதே அடம்பு, அதே தாழை. மணல்மேடு காற்றில் பறந்துவிடாமல் கட்டிப்போட்டிருப்பவை இவைதாம்.

திறந்த புல்வெளியில் வெளிமான்கள் மேயும். கலைமானின் முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் தூரத்திலிருந்தே தெரியும். அவற்றிற்கு அருகிலேயே, யாரும் உரிமை கொண்டாடாத மட்டக்குதிரைகளும் நிற்கும். ஒரு காலத்தில் மனிதர் வளர்த்து, பின்னர் காட்டில் விடப்பட்டுத் தம் போக்கில் பெருகியவை அவை.

இந்த நிலப்பரப்பில் எல்லாவற்றிலும் உயர்ந்த இடம் இராமர் பாதம் என்னும் மேடு. அதன் உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கடல்மட்டத்திற்கு மேல் நான்கு மீட்டர்! மாடிவீடு ஒன்றின் முதல் தளத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன்மேல் ஏறி நின்று பார்த்தால் இந்த நிலம் எவ்வளவு மெலிந்த பிடிப்பில் கடலுக்கு நடுவே கிடக்கிறது என்பது விளங்கும். வேதாரணியத்திலிருந்து வரும் வழியில் குழகர் கோயில் இருக்கிறது. அங்கே வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் இந்தக் காட்டோரத்தில் இறைவன் தனியாக இருக்கிறானே என்று மனம் வருந்திப் பாடினார். தேவாரத்தில் அத்தகைய பதிகம் வேறு எங்கே இருக்கிறது? இறைவனுக்கே துணை வேண்டும் என்று நினைக்கச் செய்த தனிமை அது. இன்று ஊர் இருக்கிறது, சாலை இருக்கிறது, பேருந்தும் வருகிறது. ஆயினும் மாலை மங்கியபின் என் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தபோது சுந்தரரின் வருத்தம் எனக்கு மிகவும் நியாயமாகவே பட்டது.

மேற்கே திரும்பினால் காட்சி முற்றிலும் வேறு. மரமே இல்லாத உவர்ச் சதுப்பு கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. வடக்கே அகத்தியம்பள்ளியில் உப்பளங்கள். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இராசாசி உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய மண் இந்த வேதாரணியத்து மண். கடல்நீரைப் பாத்தியில் தேக்கினால் உப்பு விளையும் நிலம். நிலத்தின் குணமே உப்பு. அப்படிப்பட்ட இடத்திற்குச் சில மைல் தொலைவில், மூன்று பக்கமும் உவர்நீர் சூழ்ந்திருக்க, என் குடிசையில் குடத்து நீர் இளநீர்போல் இனித்தது.

அந்த நீர் வந்த விதத்தை முதல் நாளே பார்த்தேன். குடிசையின் பின்னால், கடலிலிருந்து இருநூறு தப்படி தூரத்தில், மணலில் ஒரு பள்ளம். மணல் சரியாமலிருக்க அடிப்பகுதியை வெட்டியெடுத்த ஒரு தகரப் பீப்பாயை அதில் இறக்கியிருந்தார்கள். நான்கடி ஆழத்தில் நீர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஊற்று. பெரியவரின் மனைவி குனிந்து, நீண்ட காம்பு கட்டிய கொட்டாங்கச்சியால் மெல்ல மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார். பத்துப் பன்னிரண்டு முறை மொண்டதும் நிறுத்திவிடுவார். சற்றுநேரம் காத்திருந்து, நீர் பழைய மட்டத்திற்கு ஏறியபின் மீண்டும் மொள்வார். குடம் நிறைய அரை நாழிகைக்கு மேலாகும். பக்கத்து மூன்று குடிசைக்காரர்களும் அதே ஊற்றை அப்படியேதான் பயன்படுத்தினார்கள். "வாளியை விட்டு இறைத்தால் என்ன அம்மா?" என்று கேட்டேன். "அவசரப்பட்டா கோவிச்சுக்கும் தம்பி" என்றார். நான் அதை ஒரு பழைய நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன். அறிவியல் ஆசிரியன் அல்லவா!

நான்காம் நாள் அவர்கள் இருவரும் வேதாரணியம் சந்தைக்குப் போயிருந்தார்கள். உடம்பெல்லாம் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு. ஆசை தீரக் குளிக்க வேண்டும் என்று தோன்றிற்று. கொட்டாங்கச்சியால் மொண்டு குளிப்பது நடக்கிற காரியமா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பீப்பாய்க்குள் இறங்கினேன். தோண்டத் தோண்டப் பீப்பாயும் கூடவே இறங்கியது. மூன்றடி தோண்டியிருப்பேன். நீர் குபுகுபுவென்று வந்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு, வாளியால் நாற்பது வாளிக்குமேல் இறைத்துக் குளித்தேன், துணிகளைத் துவைத்தேன், இரண்டு குடத்தையும் நிரப்பி வைத்து அவர்களுக்கு உதவி செய்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அந்த அம்மாள் ஊற்றிலிருந்து புதிதாக நீர் மொண்டு தேநீர் வைத்தார். ஒரு வாய் குடித்ததும் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உப்பு! அவர் எழுந்துபோய் ஊற்று நீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்; துப்பினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்தி வேளையில் வழக்கம்போல் சிந்திய நீரைக் குடிக்க வரும் ஒரு மட்டக்குதிரை, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சற்று நின்றது, பிறகு போய்விட்டது. மறுநாள் காலையில் நீர் முழுவதும் கரித்தது. பெரியவர் வந்து எட்டிப் பார்த்து, "ஆழம் போனா கடல் வந்துரும் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பீப்பாயை வெளியே இழுத்துப்போட்டுப் பள்ளத்தை மணலால் மூடினார்.

இனி, நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். அதற்குக் கல்லூரி ஆய்வகத்திலுள்ள வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். 'ப' வடிவத்தைப் போன்ற அந்தக் குழாயின் ஒரு கையில் கடல்நீரும் மற்றொரு கையில் நன்னீரும் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறக்குறைய 1,000 கிராம். கடல்நீரில் உப்புக் கரைந்திருப்பதால் அதன் எடை ஏறக்குறைய 1,025 கிராம். எனவே 40 அங்குலக் கடல்நீரைச் சமன்செய்ய 41 அங்குல நன்னீர் வேண்டும். நன்னீர்க் கை ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்.

இதே தராசுதான் கோடிக்கரை மணலுக்குள்ளும் இருக்கிறது. மணலின் அடியில் நாலாபக்கத்திலிருந்தும் கடல்நீர் ஊடுருவி நிற்கிறது. மேலே பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. இலேசான மழைநீர் கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. மணல் இடுக்குகளில் நீர் அலைபாய இடமில்லாததால் இரண்டும் எளிதில் கலந்துவிடுவதில்லை. நடுவில் தடித்து, கரையோரங்களில் மெலிந்து, மைசூர்ப் பருப்பின் வடிவத்தில் நன்னீர் படிந்து கிடக்கிறது. கண்ணாடி வில்லைக்கு வழங்கும் 'லென்ஸ்' என்ற பெயரே இலத்தீன் மொழியில் அந்தப் பருப்பின் பெயர்தான். ஆகையால் நூல்களில் இதை நன்னீர் வில்லை என்று குறிப்பிடுவது மிகவும் பொருத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து நாட்டுப் பொறியாளர் பாடோன் கைபென் என்பவரும், 1901-இல் வடகடல் தீவுகளின் கிணறுகளை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் ஒருவரையறியாமல் ஒருவர் இதன் கணக்கைக் கண்டார்கள். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு ஓர் அடி மேலே நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும்.

கேட்பதற்குப் பெருஞ்செல்வம்போல் இருக்கிறது அல்லவா? கணக்கைத் திருப்பிப் பாருங்கள். கரையோரத்தில் நீர்மட்டம் கடலைவிட அரையடிதான் உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருபதடி நன்னீர். அவசரமாக இறைத்து மட்டத்தை மூன்று அங்குலம் தாழ்த்திவிட்டால், அந்த இடத்திற்குக் கீழே உவர்நீர் மூன்று அங்குலம் அல்ல, பத்தடி மேலே ஏற முற்படும். கூம்புபோல் குவிந்து, இறைப்பவன் காலடியை நோக்கி எழும். இந்தக் கணக்கு அசையாமல் நிற்கும் நீருக்கு உரியது. உண்மையில் இரண்டு நீருக்கும் நடுவே கலப்பு நீர் ஓர் அடுக்காக நிற்கும், கடல் ஏறி இறங்குவதும் அதை அசைக்கும். ஆயினும் போக்கு இதுதான். என் பிழை இரண்டு மடங்கு. ஆழமாகத் தோண்டி உவர்நீரை நெருங்கினேன்; வேகமாக இறைத்து அதை மேலே அழைத்தேன். அந்த அம்மாள் கொட்டாங்கச்சியோடு காத்திருந்த நேரமெல்லாம் அந்தத் தராசின் முள்ளைச் சமனில் நிறுத்திய நேரம்.

ஆண்டும் எனக்குச் சாதகமாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடெங்கும் மிகவும் பொய்த்துப்போயிற்று. பருப்பின் தடிமன் முன்னமே மெலிந்திருந்தது. நல்ல மழைக்காலமாக இருந்திருந்தால் ஊற்று ஒருவேளை என்னை மன்னித்திருக்கும்.

பெரியவர் மறுநாளே மணல்மேட்டுக்கு அப்பால், கடலிலிருந்து இன்னும் தள்ளி, வேறோர் ஊற்றுத் தோண்டினார். ஏன் அங்கே என்று கேட்டேன். மேட்டின் அடிவாரத்தில் நீர் உயர்ந்து நிற்கும் என்றார். அவர் படிக்காத நூலில் உள்ள செய்திதான் அது: மேடு உயர, மழையை அதிகம் வாங்கி வைத்துக்கொள்ளும், வில்லையும் தடிக்கும். ஆனால் தூரம் அதிகம். அவர்களுடைய பேத்தி ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்குப் போகுமுன் ஒரு நடை நீர் எடுத்தவள், எஞ்சிய நாள்களில் அதே ஒரு குடத்திற்கு நாலுமடங்கு தூரம் நடந்தாள். இரண்டாவது குடத்தை நான் சுமந்தேன். அது பரிகாரம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

அந்த நடைகளில்தான் காட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அடம்பும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைக்காவிட்டால் மேடு இல்லை. மேடு இல்லாவிட்டால் இந்த ஊற்று இல்லை. பாலை மரத்தடியில் குவிந்த சருகு, விழும் மழையை ஓடவிடாமல் உள்ளே இறக்குகிறது. மரங்களும் தமக்கு வேண்டிய நீரைக் குடிக்கத்தான் செய்கின்றன; அதை மறைத்து மரத்திற்குப் புகழ் பாடுவது நேர்மை ஆகாது. ஆனால் பாலை நிதானமாகக் குடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தக் காட்டிற்குள்ளும் புகுந்துவிட்ட சீமைக் கருவேலம் வேரை ஆழமாக இறக்கி வேகமாகப் பரவுகிறது. நாற்பது வாளி இறைத்த எனக்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

கடற்கரை நாடுகள் பலவற்றில் இதே நிலை உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் மணலுக்குப் பதில் சுண்ணாம்புக்கல். ஆனால் கிணறுகளின் உயிர் அதே மிதக்கும் நீர்தான். அங்கே நிலாவரையில் ஆழமான ஒரு கேணி இருக்கிறது. அதில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மின் இறைப்பான் வந்தபின் கரையோர ஊர்களில் எங்கெங்கும் ஆழ்குழாய்கள் இறங்கிவிட்டன. ஒரு பொத்தானை அழுத்துகிறவனுக்கு நீர் மட்டம் எத்தனை அங்குலம் தாழ்ந்தது என்று தெரியாது. கொட்டாங்கச்சி வைத்திருப்பவருக்குத் தெரியும்.

மனிதன் கீழிருந்து உப்பை அழைக்காவிட்டாலும் கடல் சில வேளைகளில் மேலிருந்தே வந்துவிடும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபோது, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கோடிக்கரையின் பழைய கலங்கரை விளக்கம் சிதைந்தது. நாகை மாவட்டக் கரையெங்கும் கிணறுகள் உப்பாயின. அப்படி ஆன கிணற்றைக் கழுவ மழையைத் தவிர வேறு வழி இல்லை. அதுவும் ஓர் ஆண்டு மழை போதாமல் போகலாம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. செய்தித்தாளில் கோடிக்கரைக் காட்டின் படத்தைப் பார்த்தேன். பசுமைமாறாக் காடு என்று வகுப்பில் நான் சொல்லி வந்த காடு, இலையே இல்லாமல் நின்றது. மான்களும் குதிரைகளும் மாண்டு கிடந்தன.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் போக வாய்த்தது. நான் தங்கிய குடிசை இருந்த இடம் தெரியவில்லை. வேரோடு சாய்ந்த பாலை மரங்கள் அப்படியே கிடந்தன. ஆனால் சாய்ந்தவற்றிலேயே சில, மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பாதி வேரின் பலத்தில் துளிர்விட்டிருந்தன. பெரியவர் கடலுக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் புதுக் கீற்று வேய்ந்த ஒரு கொட்டகையில் இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, "தண்ணி எறைச்ச வாத்தியாரா?" என்று சிரித்தார். பேத்தி வேதாரணியத்தில் மேல்வகுப்பு படிக்கிறாளாம்.

குடிக்க நீர் கொடுத்தார். சற்றே கரித்தது. புயலன்று கடல்நீர் மேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டதாகவும், முன்பு இதைவிட அதிகமாகக் கரித்தது என்றும் சொன்னார். "வர்ற ஐப்பசி நல்லாப் பெஞ்சா தேறிடும்" என்றார். பீப்பாயின் விளிம்பில் அதே நீண்ட காம்புக் கொட்டாங்கச்சி தொங்கிக்கொண்டிருந்தது. குடத்தை நான் நிரப்புகிறேன் என்று கேட்டு வாங்கினேன். பன்னிரண்டாவது முறை மொண்டதும் அவர் கையைக் காட்டினார். நிறுத்திவிட்டு, நீர் ஏறும் வரை மணலில் உட்கார்ந்துகொண்டேன்.